காலா, திருகா, பலகையா? கேம்பர் பஸ்ஸை மட்டமாக நிறுத்த மூன்று வழிகள்

அண்மையில் இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் வாழைச்சேனை. கேம்பராக மாற்றிய பழைய கோஸ்டர் பஸ் ஒன்றை வாங்கியிருக்கிறார். நிற்கும்போது வண்டியை மட்டமாகத் தாங்க நாலு மூலையிலும் ஹைட்ரோலிக் கால். பின் இடது காலில் ஒயில் ஒழுகுகிறது. ராத்திரி மட்டமாகப் படுத்தால், விடியும்போது தலைமாடு தாழ்ந்து கால்மாடு உயர்ந்து கிடக்கிறதாம். மற்றவர் பொத்துவில். ரோசா பஸ் ஒன்றின் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இப்போதுதான் கட்டிலும் குசினியும் அடிக்கிறார். "கால் போடட்டா, வேண்டாமா?" என்பது அவருடைய கேள்வி.

நானும் ஒரு கோஸ்டரை வைத்துக்கொண்டு அக்கரைப்பற்றிலிருந்து வடக்கே பாசிக்குடா, தெற்கே பாணமை என்று திரிகிறவன். ஹைட்ரோலிக் கால், திருகுக் கால், பலகை மூன்றிலும் நின்று பார்த்திருக்கிறேன். மூன்றிலும் காசு விட்டிருக்கிறேன், பலகையில்கூட.

## விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில், உங்களுக்கு எவ்வளவு மட்டம் வேண்டும்? மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை எடுத்து பஸ்ஸின் தரையில் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். 1 பாகை சாய்வை நான் கவனிப்பதே இல்லை. 2 பாகையில் குளிக்கிற தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் மூலையில் தேங்குகிறது. 3 பாகையில் முட்டை தாச்சியின் ஒரு பக்கத்துக்கு ஓடிவிடும், நித்திரையும் வராது.

3 பாகை என்றால் சின்னதாகத்தான் கேட்கும். ஆனால் கோஸ்டரின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர். அந்த நீளத்தில் 3 பாகையைச் சரிசெய்ய ஒரு முனையை 21 சென்றிமீட்டர் தூக்கவேண்டும். குறுக்கே சில்லுக்குச் சில்லு ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 8 சென்றிமீட்டர் போதும். அதனால் நிற்கும் இடத்தில் வண்டியைத் திருப்பி, சாய்வு குறுக்காக விழும்படி நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது பிரிட்ஜ். காஸில் ஓடும் அப்சோப்ஷன் வகை என்றால் மட்டம் கட்டாயம். அதற்குள் கம்பிரசர் கிடையாது. அமோனியாக் கலவை தன் பாரத்தாலேயே குழாய்களுக்குள் இறங்கி ஓடவேண்டும். சாய்ந்து நின்றால் கலவை ஓரிடத்தில் தேங்கி, சூடேறி, குழாய் அடைத்துப்போகும். பிறகு திருத்த முடியாது. பிரிட்ஜுக்கு முன்னால் நின்று பார்க்கும்போது பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பது இந்த வகைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உங்களுடையது கம்பிரசர் பிரிட்ஜ் என்றால் இந்தக் கவலை வேண்டாம். நம்மூரில் மாற்றும் வண்டிகளில் நான் கண்டவை பெரும்பாலும் கம்பிரசர்தான்.

அப்புறம் நாலு விஷயம்: மாதத்தில் எத்தனை தடவை இடம் மாறுகிறீர்கள், நிற்பது மணலா கிரவலா, கடலுக்கு எவ்வளவு கிட்ட, பழுதானால் கைவைக்க ஆள் எங்கே. இவற்றுக்குப் பதில் தெரிந்தபிறகு விலையைக் கேளுங்கள். முதல் விலையைவிட உப்புக் காற்று எடுக்கும் காசுதான் இந்தக் கரையில் பெரிய கணக்கு.

## ஹைட்ரோலிக் கால்

ஒரு பவர் பக், அதில் ஒரு மோட்டரும் பம்பும் ஒயில் தாங்கியும், வால்வுகள், ஹோஸ்கள், நாலு சிலிண்டர். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் போனால் ஏறத்தாழ 4 தொன் தூக்கும். அப்படி நாலு கால் இருக்கும்போது 5 தொன் பஸ் ஒரு பொருட்டே இல்லை. சீற்றை விட்டு எழும்பாமல், மழையில் நனையாமல், மூன்று நிமிடத்தில் மட்டமாகிவிடலாம். காற்றடித்தாலும் பிள்ளைகள் உள்ளே ஓடினாலும் வண்டி ஆடாது. இந்தச் சுகத்தை ஒருமுறை கண்டவன் பலகைக்குத் திரும்பக் கஷ்டப்படுவான்.

புதிய செட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பது ஒரு வழி. நான் செய்தது மற்ற வழி: ஜப்பான் லொறியின் பின்கதவு லிஃப்டில் கழற்றிய 24 வோல்ட் பவர் பக், பூம் லொறியின் கால் சிலிண்டர், அளவுக்கு அடித்த ஹோஸ். விலை வெகுவாகக் குறையும், ஆனால் ஒயில் வெளியே வராமல் அடைத்து நிற்கும் ரப்பர் சீல்களை, யாரோ பாவித்து முடித்தவற்றைத்தான் வாங்குகிறீர்கள்.

இனி அந்த உப்புக் கதை. இரண்டு வருடத்துக்கு முன் அறுகம்பேயில் 10 வாரம் ஒரே இடத்தில் நின்றேன், நாலு காலும் நீட்டியபடி. ஒரு பக்கம் கச்சான் காற்று மணலை வாரி அடிக்க, மறுபக்கம் கடல். புறப்படும் அன்று சுவிட்சை அமத்தினேன், கால்கள் அழகாக உள்ளே போயின. அடுத்தநாள் திருக்கோவிலில் இறக்கிப் பார்த்தால் பின் காலில் ஒயில் கோடு கோடாக வடிகிறது.

அக்கரைப்பற்றில் உழவு மெசின் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவரிடம் கொண்டுபோனேன். குனிந்து கீழே பார்த்தவர் சிரித்துவிட்டார். "தம்பி, இது நம்மட பெட்டி ஜக்தானே. நாலு இரிக்கி, அவ்வளவுதான்." நெல்லேற்றும் பெட்டியை உயர்த்தும் சிலிண்டரைத்தான் சொன்னார். சிலிண்டருக்குள்ளிருந்து நீளும் இரும்புத் தண்டை, அதாவது றொட்டை, பழந்துணியால் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தை மேலிருந்து கீழே மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. அந்த இடத்தில் மிளகாய் விதையளவு மண்ணிறப் புள்ளி. "இந்தா, இதான் ஒங்கட சீலைத் திங்கிது."

நடந்தது இதுதான். றொட்டின் மேல் பூசிய குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். நீட்டிய நிலையில் வாரக்கணக்கில் உப்புக் காற்றில் நின்றால் உப்பு அதற்குள் இறங்கி, அடியிலுள்ள இரும்பு கறள் கட்டி, குரோமை மேலே தள்ளிவிடும். அந்தக் கூர் விளிம்பு உள்ளே போகும்போதெல்லாம் சீலைக் கீறும். ஆக ஹைட்ரோலிக் கால் ஓடித் தேய்வதைவிட நீட்டியபடி நின்று பழுதாவதுதான் இங்கே அதிகம். அடிக்கடி இடம் மாறுகிறவரின் கால் நாளெல்லாம் உறைக்குள் ஒயில் பட்டபடி இருக்கும். மாதக்கணக்கில் நிற்பவரின் கால்தான் கெடும்.

காலை வைத்திருப்பதானால் செய்ய வேண்டியவற்றில் முதலாவது துடைப்பது. மடக்குவதற்கு முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துணியால் ஈரம் எடுத்து, சிஸ்டத்தில் ஓடும் அதே ஒயிலைத் துணியில் லேசாக நனைத்து ஒரு தடவை தடவிவிடுங்கள். கிறீஸ் பூசவே வேண்டாம். நல்லது செய்கிறோம் என்று பலரும் பூசுவார்கள். கிறீஸில் மணல் ஒட்டினால் அது அரத்தூள், உள்ளே போகும்போது சீலை அராவும். நீண்ட நாள் நிற்பதானால் இரண்டு கிழமைக்கு ஒருதடவையாவது காலை மடக்கித் துடைத்து மீண்டும் இறக்குங்கள்.

ஒயில் அளவை நாலு காலும் உள்ளே இருக்கும்போது மட்டும் பாருங்கள். நீட்டியிருக்கும்போது குறைவாகத் தெரிகிறதே என்று நிரப்பினால், மடக்கும்போது அவ்வளவும் தாங்கியின் மூடி வழியாக வெளியே வரும். எந்த ஒயில் என்பது பம்பின் தகட்டில் அல்லது கையேட்டில் இருக்கும். கேம்பர்களுக்கென்று செய்த செட்டுகள் பலவற்றுக்கு ஓட்டோமற்றிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் டெக்ஸ்ரொன் 3 வகைதான். நம் கராஜ்களில் கையில் கிடப்பது மெசின் ஒயில். அது தடிப்பு. இரண்டையும் கலக்கவிடாதீர்கள். பிரேக் ஒயில் மட்டும் தவறியும் வேண்டாம், சாதாரண ரப்பர் சீல்கள் அதில் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது, முழுவதையும் இறக்கி மாற்றவேண்டும். மாரி மழைக்குப் பிறகு தையில் ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம்.

"பம்ப் செத்துப்போச்சு" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சேசியில் பூட்டிய ஏர்த் கம்பியை. அந்த மோட்டர் 12 வோல்ட்டில் 100 அம்பியருக்கு மேல் இழுக்கும். நட்டுக்கடியில் கொஞ்சம் கறள் இருந்தாலே சுற்றாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பாதிப்பேருக்குப் பம்ப் உயிர் பெற்றுவிடும். காலை இறக்கும்போது எஞ்சினையும் ஓடவிடுங்கள்.

ஹோஸில் கசிவைத் தேடும்போது கையால் தடவ வேண்டாம். ஊசித்துளையில் 200 பாரில் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கை போய்விடும். காட்போட் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அப்படி ஏதும் கையில் பாய்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. ஹோஸை நான் 6 வருடத்துக்கு மேல் ஓடவிடுவதில்லை.

ஒழுக்கு என்று நினைத்துப் பயப்படும் ஒன்று ஒழுக்கே இல்லை. பகல் வெயிலில் நிறுத்திய வண்டி இரவில் குளிரும்போது ஒயிலும் சுருங்கும். 30 சென்றிமீட்டர் நீட்டிய காலில் 20 பாகை செல்சியஸ் இறங்கினால் 4 மில்லிமீட்டர் தாழும். அவ்வளவுதான். காலையில் ஒருதடவை சுவிட்சை அமத்துங்கள். 4 சென்றிமீட்டர் தாழ்ந்தால்தான் சீலையோ வால்வையோ சந்தேகிக்கவேண்டும்.

இன்னும் ஒன்று, உயிர் விஷயம். பல ஜப்பான் சிறு லொறி, பஸ்களில் ஹாண்ட்பிரேக் பிடிப்பது கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள சாஃப்டை. அந்த வகையில் பின்சில்லு ஒன்று தரையை விட்டுக் கிளம்பினாலே போதும், டிஃபரன்ஷல் மற்றச் சில்லை விட்டுவிடும், பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். பின் கால்களால் மட்டப்படுத்துங்கள், சில்லைத் தரையை விட்டுத் தூக்காதீர்கள். முன்சில்லுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். கால்களைச் சோடியாக இயக்குங்கள், ஒற்றைக் கால் சேசியை முறுக்கும், முதலில் வெடிப்பது முன்கண்ணாடி. ஹைட்ரோலிக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் படுக்கக்கூடாது.

மணலுக்குத் தட்டு தனி. ஒரு காலில் 1,000 கிலோ இறங்கினால் 15க்கு 15 சென்றிமீட்டர் தட்டின் கீழ் ஒரு சதுர சென்றிமீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல் அழுத்தம். அறுகம்பே மணல் அதைத் தாங்காது, தட்டு புதைந்துகொண்டே போகும். 40க்கு 40 பலகையை அடியில் போட்டால் அது 600 கிராமாகிவிடும். ஆக ஹைட்ரோலிக் வைத்திருப்பவருக்கும் பலகை வேண்டும்.

## திருகுக் கால்

மூலைக்கு ஒன்றாகப் பூட்டி, கைபிடி போட்டுத் திருகி இறக்குவது. கத்தரிக்கோல் மாதிரி விரிவதும் உண்டு, மடித்து இறக்குவதும் உண்டு. பலரும் ஏமாறுவது இங்கேதான்: இந்தக் கால் வண்டியைத் தூக்குவதற்கு இல்லை, ஆடாமல் பிடிப்பதற்கு. மட்டப்படுத்தும் வேலையைப் பலகையோ போத்தல் ஜக்கோ செய்து முடித்தபிறகு, நாலு மூலையையும் இறுக்கித் தரையோடு சேர்த்துவைக்கும். இதை வைத்துப் பஸ்ஸைத் தூக்கப் பார்த்து திருகைக் கோணலாக்கியவர் ஒருவர் கல்முனையில் இருக்கிறார். நல்ல பலசாலி.

சீல் இல்லை, ஒயில் இல்லை, கரண்ட் இல்லை. மாதக்கணக்கில் நீட்டியபடி நின்றாலும் கறள் கட்டுவது வெளியே, கண்முன்னே. கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் போதும். நாகப்பூச்சு (கல்வனைஸ்) போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். திருகுக்கும் கிறீஸை அப்பவேண்டாம், மணல் கதை அதே கதைதான். வளைந்தால் எந்த வெல்டிங் கடையிலும் நிமிர்த்தலாம்.

மறைந்த செலவு உங்கள் இடுப்பு. ஒவ்வொரு மூலையிலும் குனிந்து முழங்காலில் நின்று திருகவேண்டும், மழையானாலும் சரி. ஒரு கிழமைக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை. பாசிக்குடாவில் ஓரிரவு, கல்லடியில் ஓரிரவு, கோமாரியில் ஓரிரவு என்று ஓடுகிறவருக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். பிறகு காலை இறக்காமலே படுப்பார்.

## பலகை

முதிரைப் பலகையோ பழைய சிலிப்பர் கட்டையோ, படிபோல ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஆணியடித்தது. தாழ்ந்த பக்கத்துச் சில்லை அதில் ஏற்றி நிறுத்துவது. தென்னம் பலகை ஒரு மாரியில் உழுத்துவிடும், வேண்டாம்.

பலகைக்கு எல்லை உண்டு. குறுக்குச் சாய்வின் 8 சென்றிமீட்டரை இரண்டு தட்டுப் பலகை தீர்க்கும். நீளவாக்கில் 21 சென்றிமீட்டருக்கு ஏறுவது கஷ்டம், அதுவும் மணலில் சில்லு சுற்றிப் பலகையைப் பின்னால் எறியும். பின்பக்கம் இரட்டைச் சில்லு என்றால் இரண்டும் முழுதாகப் பலகையில் ஏறவேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் இரண்டு டயரின் பாரத்தையும் அதுவே தாங்கும். நான் ஒரு டயரை இப்படித்தான் இழந்தேன். குறுகிய பலகை ஒன்றில் இரண்டு மாதம் நின்றதில் உள் டயரின் பக்கச்சுவர் வீங்கிவிட்டது. அந்தக் காசுக்கு நாலு சோடி முதிரைப் பலகை வாங்கியிருக்கலாம்.

துணைக்கு இன்னொருவரும் வேண்டும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்!" என்று கத்த. தனியே போகிறவர் ரசமட்டத்தை டாஷ்போட்டில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

## ஒழுகும் காலுக்கு என்ன செய்வது

வாழைச்சேனைக்காரரிடம் முதலில் நகத்தால் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நகம் எங்கும் தட்டாவிட்டால் சீல் மட்டும்தான். உழவு மெசினும் டிப்பரும் ஓடும் மாவட்டங்கள் இவை. அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ செங்கலடியிலோ பெட்டி ஜக்குக்குச் சீல் போடுகிறவர்கள் இதையும் போடுவார்கள். பழைய சீலை எறியாமல் கொண்டுபோங்கள், அளவு அதில் இருக்கிறது. வெளிப்பக்கத் தூசுச் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டால் புதிய உள்சீல் ஒரு சீசனில் போய்விடும், மணலை வழிமறிப்பது அதுதான்.

நகம் தட்டினால் கணக்கு வேறு. றொட்டை அராவி, மறுபடி கடினக் குரோம் போட்டு, அளவுக்குத் தேய்த்து எடுக்கவேண்டும். என்னுடையதை அதற்குக் கொழும்புக்கு அனுப்பினேன். போக்குவரத்து, காத்திருப்பு, இடையில் மூன்று காலில் நிற்க முடியாத வண்டி எல்லாம் சேர்த்தால், இன்னொரு பாவித்த சிலிண்டரின் விலையை அது தொட்டுவிட்டது. ஒரு கால் மட்டும் போயிருந்தால் செய்யலாம். இரண்டு போயிருந்தால் மற்ற இரண்டும் அதே உப்பில் நின்றவைதான் என்பதை மறக்கவேண்டாம். நகம் தட்டுகிற றொட்டில் புதுச் சீல் போடுவது காசைக் கடலில் போடுவது.

வெளியே ஒயில் ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் கால் தாழ்கிறது என்றால் சிலிண்டரைக் கழற்ற முன், ஒயிலைத் திரும்ப விடாமல் பிடித்துவைக்கும் பூட்டு வால்வைப் பாருங்கள். அதன் இருக்கையில் ஒரு தூசு அகப்பட்டாலே போதும். அந்த வேலை அரைநாள்.

## யாருக்கு எது

வாழைச்சேனைக்காரர் கிழமைக்கு இரண்டு மூன்று இடம் மாறுகிறவர், வெளிநாட்டவர்களை ஏற்றி ஓடுகிறார், பிரிட்ஜும் காஸ் பிரிட்ஜ். நகம் தட்டவில்லை என்று செய்தி அனுப்பினார். அவர் காலை வைத்திருக்கட்டும், நாலுக்கும் சீல் மாற்றட்டும், ஒரு வாளி நல்ல தண்ணீரும் துணியும் வண்டியில் இருக்கட்டும்.

பொத்துவில்காரருக்கு நான் கால் போடவேண்டாம் என்றேன். சித்திரையில் அறுகம்பேயில் கொண்டுபோய் நிறுத்தினால் புரட்டாதி வரை அசைக்கப்போவதில்லை, சேர்ஃபிங் வருகிறவர்களுக்கு அறைபோல வாடகைக்கு விடத்தான் கட்டுகிறார். கம்பிரசர் பிரிட்ஜ். அவருக்கு ஒருநாள் பாடுபட்டுப் பலகையில் ஏற்றி, திருகுக் காலால் இறுக்கினால் சீசன் முழுக்கக் கவலையில்லை. தூக்குவதற்கு ஒரு 10 தொன் போத்தல் ஜக் பெட்டியில் கிடக்கட்டும். ஹைட்ரோலிக்குக்கு ஒதுக்கிய காசில் கூரைக்கு நிழல் பந்தல் போடலாம். பாணமைப் பக்கத்து மணல் பாதைகளில் ஓடவேண்டி வந்தாலும் அடியில் தொங்கிக்கொண்டு இடிபட ஒன்றும் இருக்காது.

நான் இப்போது பின்பக்கம் இரண்டு ஹைட்ரோலிக் காலை மட்டும் வைத்துக்கொண்டு முன்பக்கத்தைக் கழற்றிவிட்டேன். முன்னுக்குப் பலகை. கழற்றிய சிலிண்டர் இரண்டையும் அந்தக் காக்காவே எடுத்துக்கொண்டார், பெட்டி உயர்த்த ஆகுமாம். பலகைதான் தொல்லை. போன சீசனில் ஒருநாள் காலை எழும்பிப் பார்த்தால், முந்தைய இரவு கரையில் தீமூட்டிக் கிற்றார் வாசித்த கூட்டம் எனது இரண்டு முதிரைப் பலகையையும் எரித்து முடித்திருந்தது. இப்போது சங்கிலி போட்டுச் சில்லோடு பூட்டுகிறேன்.